எல்லாம் வெயில் மயக்கம் அல்ல!



வெயில் காலம் வந்துவிட்டால் நம் தோட்டத்து மருந்தகத்தில் ஒரே பேச்சுத்தான். "டிரசர் ஐயா, தலை சுத்துது." "கண்ணு இருட்டிக்கிட்டு வருது." "கை மரத்துப்போன மாதிரி இருக்கு, வெயில்தான்." வருகிறவரும் வெயில் என்கிறார், கூட்டிக்கொண்டு வருகிற மண்டோரும் வெயில் என்கிறார். ஒரு காலத்தில் நானும் மறுபேச்சு இல்லாமல் வெயில் என்றுதான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலும் அது வெயில்தான். நிழலில் உட்கார வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் சரியாகாமல் போகிற ஒருவர் இருக்கிறாரே, அவரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

என் கண்ணெதிரே நடந்தது

2016ஆம் ஆண்டு வெயிலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எல் நினோ வறட்சி. ஏப்ரல் மாதத்தில் கெடாவிலும் பெர்லிஸிலும் பிள்ளைகளுக்கு வெயில் ஆகாது என்று பள்ளிக்கூடங்களையே சில நாள் மூடினார்கள். நான் அப்போது ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன்.

ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். குலை வெட்டும் அண்ணன் ஒருவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வயது 51. "வெட்டிக்கிட்டு இருந்தவரு அப்படியே குந்திட்டாருங்க ஐயா. வெயில் அடிச்சிருச்சு" என்றார்கள். சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. பெஞ்சில் படுக்க வைத்து, காற்றாடியைத் திருப்பி வைத்து, ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர் வாயோரமாக வழிந்தது. களைப்பு என்று நினைத்தேன். வலது கையில் கிளாஸ் நிற்கவில்லை. அதையும் களைப்பு என்றே நினைத்தேன். கால் கிழிந்து வந்த இன்னொருவருக்குக் கட்டுப் போடப் போய்விட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் மனைவி ஓடி வந்தார். புருஷன் முகத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், "ஐயா, இவரு வாய் ஏன் ஒரு பக்கமாப் போயிருக்கு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரஷர் எடுத்தேன்: 180க்கு 110. வந்தவுடனே எடுத்திருக்க வேண்டும்; எடுக்கவில்லை. தோட்டத்து வேன் உரம் ஏற்றப் போயிருந்தது. அது வந்து, முதலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே தலைக்கு ஸ்கேன் எடுக்கும் வசதி இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, போய்ச் சேரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து போடுகிற நேரமும் தாண்டிவிட்டது.

அந்த அண்ணன் இன்றும் இருக்கிறார். கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சு இழுத்து இழுத்து வருகிறது. பெர்கெசோ செயலிழப்பு ஓய்வூதியத்தில் குடும்பம் ஓடுகிறது. என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "வெயில் செஞ்ச வேலைங்க ஐயா" என்றுதான் சொல்கிறார். வெயில் மட்டும் செய்த வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

காற்றும் அல்ல, காத்து கருப்பும் அல்ல

நம்மவர்கள் இந்த நோயைப் பாரிசவாயு என்கிறோம். மலாய்க்காரர்கள் 'அங்கின் அஹ்மார்' என்கிறார்கள். சிவப்புக் காற்று என்று பொருள். இரண்டு பெயரிலும் காற்று இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, 'காத்து அடிச்சிருச்சு', 'மழையில நனைஞ்சான், கை கால் விழுந்திருச்சு' என்று வானத்தின் மேலேயே பழியைப் போட்டுவிடுகிறோம்.

உண்மையில் இது மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ஏற்படும் கோளாறு. அது இரண்டு வகை. ஒன்று, குழாய் அடைத்துக்கொள்வது. பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான். மற்றது, குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது. எதுவானாலும் அந்தப் பக்கத்து மூளைக்கு ரத்தம் போகாது. அது ஆட்டி வைக்கும் கை, கால், வாய் வேலை செய்யாது.

அப்படியானால் வெயிலுக்கும் குளிருக்கும் இதில் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் அது தனியாக வந்து அடிப்பதில்லை. ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும் குழாயைத்தான் அது தேடிப் பிடிக்கிறது.

வெயில் என்ன செய்கிறது?

ரப்பர் மரம் வெட்டியவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏன் இருட்டோடு போய் மரம் வெட்டுகிறோம்? விடியற்காலையில் மரத்தில் நீர் நிறைந்திருக்கும். பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய்விடும். பால் ஓட்டம் குறைந்து, வெட்டுக் கோட்டிலேயே உறைந்து நின்றுவிடும்.

நம் உடம்பும் ஏறக்குறைய அப்படித்தான். கடும் வெயிலில் குலை வெட்டுகிறவருக்கும், மருந்து அடிக்கிறவருக்கும் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகும். மருந்து அடிக்கிற தாய்மார்கள் மேலங்கி, முகமூடி, பூட்ஸ் எல்லாம் போட்டிருப்பதால் அவர்கள் உடம்புச் சூடு வெளியே போக வழியே இல்லை. போன நீரைக் குடித்து ஈடுகட்டாவிட்டால் ரத்தம் கெட்டிப்படுகிறது. தோலைக் குளிர வைக்க ரத்தம் தோல் பக்கம் ஓடுகிறது. மூளைக்குப் போகிற அழுத்தம் குறைகிறது. நல்ல குழாய் உள்ளவர் இதைத் தாங்கிக்கொள்வார். பல வருஷக் கொதிப்பாலும் சர்க்கரையாலும் சுருட்டாலும் குறுகிப்போன குழாய் தாங்காது. அங்கேதான் ரத்தம் கட்டி அடைக்கிறது.

வெயில் தணியப் போவதாகவும் தெரியவில்லை. பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பதிவான 40.1 டிகிரிதான் நம் நாட்டில் பதிவான ஆக அதிக வெப்பம். அதன் பிறகும் 2016, 2024 என்று கடும் வெயில் காலங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரி தொட்டால் வானிலைத் துறை முதல் கட்ட எச்சரிக்கை விடும். மூன்று நாள் 37ஐத் தாண்டினால் இரண்டாம் கட்டம். அந்தச் செய்தியைக் கேட்டால் ஏதோ பட்டணத்துச் சேதி என்று விட்டுவிடாதீர்கள். அது நமக்கு வந்த சேதி.

குளிரும் புகையும்

குளிர் இதற்கு நேர் எதிர். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும்; அழுத்தம் ஏறும். கொதிப்பு உள்ளவருக்குக் குழாய் வெடிக்கிற ஆபத்து கூடும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். 1978 பிப்ரவரியில் அங்கே 7.8 டிகிரி வரை இறங்கியிருக்கிறது. கீழே இருக்கும் நமக்கு அப்படிக் குளிர் இல்லை. என்றாலும் மழைக்காலத்தில் நனைந்த துணியோடு மணிக்கணக்கில் நிற்காதீர்கள். வயதானவர்கள் விடியற்காலையில் போர்வையை உதறிவிட்டு ஒரேயடியாக எழுந்து ஓடாதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்திருங்கள். தூங்கி எழுகிற நேரத்தில் எல்லோருக்குமே அழுத்தம் ஏறும். காலை ஆறு மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. நம்முடைய கடுமையான வேலை நேரமும் அதுதான்!

வெயிலில் இருந்து வந்து உடனே குளித்ததால்தான் கை கால் விழுந்தது என்று பலர் சொல்கிறார்கள். குளியல் ஒன்றே யாரையும் வீழ்த்திவிடாது. ஆனால் திடீரென்று உடம்பில் படுகிற குளிர்ந்த நீர் அழுத்தத்தைச் சற்று நேரம் ஏற்றும். ஆகவே கொதிப்பு உள்ளவர்கள் வியர்வை அடங்கி, தண்ணீர் குடித்து, காலில் இருந்து மெல்ல ஊற்றிக் குளிப்பது நல்லது.

புகைமூட்டத்தையும் மறக்கக்கூடாது. 1997, 2005, 2013, 2015, 2019 ஆண்டுகளில் கண்ணைத் திறக்க முடியாமல் தவித்தோம். 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அவசரகாலமே அறிவித்தார்கள். அந்தப் புகையில் இருக்கும் நுண்ணிய தூசி நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது. ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினாலே ஆரோக்கியமற்ற காற்று. 200ஐத் தாண்டினால் மிகவும் மோசம். அப்படிப்பட்ட நாளில் நெஞ்சு நோய், கொதிப்பு உள்ளவர்களை வெளியே கடும் வேலைக்கு விடக்கூடாது.

மாத்திரையை நிறுத்தியது யார்?

குலை வெட்டும் அண்ணன் கதையில் நான் இன்னும் சொல்லாத ஒன்று உண்டு. மறுநாள் அவர் மனைவி வீட்டு அலமாரியில் இருந்து ஒரு பையைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். மூன்று வாரத்துப் பிரஷர் மாத்திரை, பிரிக்காமல் அப்படியே இருந்தது. "மாத்திரை போட்டா அடிக்கடி ஒன்னுக்கு வருது, வெயில்ல தலையும் சுத்துதுன்னு நிறுத்திட்டாருங்க. எனக்கே தெரியாது" என்று அழுதார்.

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. சில பிரஷர் மாத்திரைகள் உடம்பு நீரைச் சிறுநீராக வெளியேற்றும். வெயில் நாளில் அது தலை சுற்றலைக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு வழி, நிறுத்துவது அல்ல. என்னிடமோ கிளினிக் டாக்டரிடமோ வந்து சொல்வது. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம். நாமாக நிறுத்தினால் கொதிப்பு சத்தம் போடாமல் ஏறும்.

உலகம் முழுவதும் 2021ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 19 லட்சம் பேருக்குப் புதிதாகப் பாரிசவாயு வந்திருக்கிறது. அதே கணக்கில், கடும் வெப்பத்தால் இந்த நோயில் ஏற்படும் பாதிப்பு 1990ஐ விட 72 விழுக்காடு கூடியிருக்கிறது. ஆனாலும் காரணங்களில் முதலிடம் உயர் ரத்த அழுத்தத்துக்குத்தான். நம் நாட்டில் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 100க்கு 29 பேருக்குக் கொதிப்பு இருக்கிறது. வெயிலை நம்மால் இறக்க முடியாது. கொதிப்பை இறக்க முடியும்! அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக் கட்டணத்தில் பிரஷர் பார்த்து மருந்தும் கொடுக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வெயிலில் ஒருவர் விழுந்தால் மூன்றைச் சோதித்துப் பாருங்கள். இதற்குப் படிப்பு வேண்டாம், ஊசி வேண்டாம்.

முகம்: சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா?

கை: இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை கீழே இறங்குகிறதா?

பேச்சு: "நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வரணும்" என்று சொல்லச் சொல்லுங்கள். குழறுகிறதா? சொல்வது புரியாமல் விழிக்கிறாரா?

மூன்றில் ஒன்று இருந்தாலும் அது வெயில் மயக்கம் அல்ல. நான்காவது விஷயம் நேரம். கடைசியாக அவர் எப்போது நன்றாக இருந்தார் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து, அடைப்பா, வெடிப்பா என்று பார்க்கவேண்டும். மூளையில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது, 'வேலை முடிஞ்சு போகலாம்' என்று காத்திருக்கலாமா? நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் தவறு. எந்த நேரமானாலும் கொண்டுபோங்கள்.

வாய் கோணி, கை விழுந்து, பத்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். அது முன்னெச்சரிக்கை. அடுத்த இரண்டு நாளில் பெரியது வரலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

'ஹீட் ஸ்ட்ரோக்' என்பது வேறு. பெயரில்தான் இரண்டும் ஒன்றாக இருக்கிறது. அதில் உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். 40 டிகிரிக்கு மேல் போகும். ஆள் உளறுவார், வலிப்பும் வரலாம். ஒரு பக்கம் மட்டும் விழாது. அவரை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், மேல்துணியைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். 'சூட்டு உடம்பில் தண்ணி ஊத்தாதே' என்று தடுக்காதீர்கள். அவரைக் காப்பாற்றுவது அந்தத் தண்ணீர்தான். இரண்டு நோய்க்கும் 999ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளி பசியாறாமல் வேலைக்குப் போய் விழுந்தாலும் இதேபோலத் தெரியும். ஆகவே மருந்தகம் பக்கத்தில் இருந்தால் ஆள் அனுப்புங்கள். சர்க்கரை அளவைச் சொட்டு ரத்தத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அதற்காக வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

விரல் நுனியை ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்று கைப்பேசியில் வருகிறது. அது வீண்; நேரம்தான் போகும். சோடா, கோப்பி, கஷாயம் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கும். நான் கொடுத்த தண்ணீரும் தவறுதான். எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு இருக்காதீர்கள். பிரஷர் மாத்திரையை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் வேண்டாம்; குழாய் வெடித்திருந்தால் அது கசிவைக் கூட்டும். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூடவே இருங்கள்.

வெயில் நாளில் செய்ய வேண்டியவை

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். 'வியர்வையில் உப்புப் போகுது' என்று தனியாக உப்பு அள்ளிப் போடாதீர்கள். சாப்பாட்டில் இருக்கிற உப்பே போதும். கருவாடு, ஊறுகாய், பொட்டலத்து மீ எல்லாம் கொதிப்புக்காரருக்குப் பகை. நாள் முழுக்க ஒரு தேக்கரண்டிதான் கணக்கு. காலையில் பசியாறிவிட்டு, மாத்திரையைப் போட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போங்கள். சம்பள நாள் சம்சு உடம்பு நீரையும் எடுக்கும், கொதிப்பையும் ஏற்றும். லீவு முடிந்து வந்தவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் முதல் ஒரு வாரம் வேலையை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. வேலைக்காட்டில் கழிப்பறை இல்லை என்பதற்காகக் காலையில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறீர்கள். உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் இதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய விஷயம் இது. குடிநீர், நிழல், ஓய்வு நேரம், கழிப்பறை இவை மருந்தைப் போலவே உயிர் காப்பவை. வேலையிடத்தில் வெப்பத்தைச் சமாளிப்பது எப்படி என்று வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டத் திருத்தத்தின்படி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்து முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

இன்னொன்றையும் கேளுங்கள். இரவோ பகலோ, ஓர் ஆளை ஏற்றிப் போக எந்த வண்டி, சாவி யாரிடம், ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரி எது? இந்த மூன்றுக்கும் பதிலை எழுதி மருந்தகச் சுவரிலும் ஆபீசிலும் ஒட்டி வையுங்கள். நான் இப்போது வேலை பார்க்கும் தோட்டத்தில் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் 'முகம், கை, பேச்சு, நேரம்' என்று நாலு வார்த்தையையும் எழுதி வைத்திருக்கிறேன். அது உங்களுக்காக மட்டும் எழுதியதில்லை, எனக்காகவும்தான்.

ஏனென்றால், அன்றைக்குச் சான்றிதழ் வைத்திருந்த நான் முக்கால் மணி நேரம் பார்க்கத் தவறியதை, பால் ஸ்டோரில் வேலை பார்த்த அந்த அம்மா ஒரே நொடியில் பார்த்தார். உங்களாலும் பார்க்க முடியும். அடுத்த முறை யாராவது "வெயில்தான்" என்று சொன்னால், முதலில் அவர் முகத்தைப் பாருங்கள்!

உங்கள் நலம் நாடும்,
தோட்ட மருத்துவ உதவியாளர்